பட்டணம் போனோம், என்ன பார்த்தோம்?
சென்னைக்கு ஒரு மூன்று நாள் பயணம் – நம் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி



போன தொகுப்புக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டோம். "சென்னைக்குப் போயிருக்கிறவங்க கை தூக்குங்க" என்றோம். பாதிக்கு மேல் கை உயர்ந்தது. "சரி, அங்க என்ன பாத்தீங்க?" என்று அடுத்துக் கேட்டதும் கூட்டம் அமைதியாகி விட்டது.

ஒரு அம்மா, "பெரியாஸ்பத்திரி வராண்டாவுல பதினாறு நாள் கெடந்தேன், வேற என்னத்தப் பாத்தேன்?" என்றார். கண்காட்சியில் ஸ்டால் போட்ட அக்கா, "தங்குன எடத்துக்கும் ஸ்டாலுக்கும் தான் நடந்தோம். பீச்ச பஸ்ஸுல இருந்து பாத்ததோட சரி" என்றார். இன்னொருவர் மகள் வீட்டுக்கு நான்கு முறை போயிருக்கிறார். நான்கு முறையும் பேரப்பிள்ளையைப் பார்த்துக் கொள்ளத்தான்.

கடைசியில் வயதில் மூத்த ஒரு அக்கா சொன்னார்: "நமக்கெதுக்குங்க அதெல்லாம்? ஊரு சுத்தறது ஆம்பளைங்களுக்கும் காசு உள்ளவங்களுக்கும்."

அந்தச் சொல்லை வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். அருங்காட்சியகம், கடற்கரை, நூலகம், கோட்டை எல்லாம் பொதுச் சொத்து. நாம் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் கூட வரி கட்டுகிறோம். அந்த வரியில் நடக்கும் இடங்களை நாமும் ஒருமுறை பார்த்து வந்தால் என்ன? அப்படி நினைத்து, நம் கூட்டமைப்பிலிருந்து 24 உறுப்பினர்களோடு நாங்களும் ரயில் ஏறினோம். கற்றுக் கொண்டதை எல்லோருக்கும் சொல்கிறோம்.

முதலில் பணம்

பயணப் பேச்சு எழுந்ததும் ஒரு குழுவில், "சுழல்நிதியில இருந்து எடுத்துக்கலாமே" என்றார்கள். வேண்டாம் என்று முடிவு செய்தோம். சுழல்நிதியும் சேமிப்பும் உள்கடனுக்கு உரியவை. பயணத்துக்கு வராத உறுப்பினரின் பங்கும் அதில் இருக்கிறது. இன்று நாம் ஊர் பார்க்க எடுத்தால், நாளை ஒருவருக்குப் பிரசவச் செலவு வரும்போது பெட்டி காலியாக இருக்கும்.

அதனால் வர விரும்பியவர்கள் மட்டும் மாதம் 150 ரூபாய் தனியாகப் போட்டார்கள். தனி நோட்டு, தனிக் கணக்கு. 12 மாதத்தில் ஆளுக்கு 1,800 ரூபாய் சேர்ந்தது. எங்கள் செலவு இப்படி ஆனது: ரயில் போக வர 450, இரண்டு இரவு தங்க 400, மூன்று நாள் சாப்பாடு 600, நுழைவுக் கட்டணங்கள் 200, உள்ளூர்ப் போக்குவரத்தும் இதரமும் 150. விலைவாசி மாறும். உங்கள் ஊருக்குத் தகுந்தபடி கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். தங்குவதற்கு ஒரு தொண்டு நிறுவன விடுதியில் இரண்டு மாதம் முன்பே பேசி வைத்தோம்.

வீட்டில் சொல்வது

பணத்தை விடப் பெரிய தடை இதுதான். ஒரு உறுப்பினர் பத்து மாதம் பணம் கட்டிய பிறகு, "வீட்டுல விடமாட்டேங்கறாருங்க, என் பேர எடுத்துடுங்க" என்று வந்து நின்றார். அவருடைய ஊக்குநரும் இரண்டு உறுப்பினர்களும் வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். வீட்டுக்காரர் சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மூணு நாளு ஆட்ட யாரு மேய்க்கறது?"

நியாயமான கேள்விதானே! குழுவில் உட்கார்ந்து யோசித்தார்கள். பயணம் வராத உறுப்பினர்கள் வருகிறவர்களின் ஆடு மாடுகளை முறை வைத்துப் பார்த்துக் கொள்வது, பால் ஊற்றுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அடுத்த வருடம் இவர்கள் போகும்போது அவர்கள் பார்த்துக் கொள்வார்கள். அந்த உறுப்பினரும் வந்தார். "விடமாட்டேன்" என்ற பேச்சுக்குப் பின்னால் பல வீடுகளில் ஒரு வேலைக் கணக்கு இருக்கிறது. அதைத் தீர்த்து வைத்தால் பாதித் தடை விலகி விடுகிறது.

பல ஊர் சேர்ந்து ஒரு ஊர்

சென்னையை ஒரே ஊர் என்று நினைக்கிறோம். அது பல கிராமங்கள் சேர்ந்த ஊர். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் மிகப் பழமையானவை. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கடலோரத்தில் ஒரு மணல் திட்டைப் பெற்றுக் கோட்டை கட்டினார்கள். அதைச் சுற்றி நெசவாளர், வியாபாரி, கூலி வேலை செய்பவர் என்று பல திசையிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினார்கள். மெட்ராஸ் என்ற பெயர் சென்னை என்று மாறியது 1996-இல்.

தெருப் பெயரைப் பார்த்தாலே யார் யார் வந்தார்கள் என்று தெரியும். ஆர்மேனியா நாட்டு வியாபாரிகள் பெயரில் ஆர்மேனியன் தெரு, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கடை போட்ட பர்மா பஜார், குஜராத்தி மார்வாடிக் குடும்பங்கள் வாழும் சவுகார்பேட்டை. சவுகார் என்றால் பெரிய வியாபாரி, வட்டிக்குக் கொடுப்பவர் என்று சொன்னதும் ஒரு அக்கா சிரித்தார். "அட, குழு ஆரம்பிக்கறதுக்கு முன்னால நாம யார் வாசல்ல நின்னோமோ, அவங்க பேர்ல ஒரு பேட்டையே இருக்குதா!"

எந்தக் கிழமை போகலாம்?

இது தெரியாமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் நிறையப் பேர். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய். கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். நாங்கள் புதன், வியாழன், வெள்ளி என்று வைத்துக் கொண்டோம். விடுமுறை நாளும் நேரமும் மாறலாம் என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை விசாரித்துக் கொள்ளுங்கள்.

முதல் நாள்: அருங்காட்சியகமும் கடலும்

விடியற்காலை சென்ட்ரலில் இறங்கி, விடுதியில் குளித்து முடித்து, எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போனோம். 1851-இல் ஆரம்பித்தது. அவசரப்படாமல் பார்க்க அரை நாள் வேண்டும். ஐம்பொன் சிலைகள் இருக்கும் கூடத்தைத் தவற விடாதீர்கள். திருவெண்காட்டில் கிடைத்த அர்த்தநாரீசுவரர் சிலை அங்கே இருக்கிறது. பாதி ஆண், பாதி பெண். நம்மவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பழங்காலப் பொருட்களும், ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த பௌத்தச் சிற்பங்களும் உண்டு. அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1896-இல் திறந்த இந்த நூலகத்தின் பெயரைப் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள் குறித்துக் கொள்ளுங்கள்.

மதியம் நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டம் நெடுஞ்சாலையில் உள்ள அன்னை தெரசா மகளிர் வளாகம். இது சுற்றுலா இடம் இல்லை. ஆனால் நாம் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். 1983-இல் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இங்கேதான். 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது இந்த நிறுவனம்தான். குழுப் பொருட்களின் கண்காட்சியும் இந்த வளாகத்தில் நடக்கும். பண்டிகை சமயத்தில் போனால் பல மாவட்டக் குழுக்களின் பொருட்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்தாமல் எடை, விலை, பாக்கெட், லேபிள் எல்லாவற்றையும் குறித்து வாருங்கள்.

பக்கத்தில்தான் வள்ளுவர் கோட்டம். தேர் வடிவில் 1976-இல் கட்டியது. 1330 குறளையும் உள்ளே பொறித்திருக்கிறார்கள்.

சாயங்காலம் மெரினா. எங்களோடு வந்த ஒரு அம்மாவுக்கு வயது அறுபதுக்கு மேல். அதுவரை கடலைப் பார்த்ததில்லை. மணலில் நடந்து போய்த் தண்ணீர் காலைத் தொட்டதும் சத்தமில்லாமல் நின்றார். பிறகு, "இத்தன தண்ணி இருந்தும் குடிக்க ஒதவாதா?" என்று கேட்டார். தினம் மூன்று கிலோமீட்டர் குடம் சுமந்தவர் கேட்ட கேள்வி அது.

மெரினாவில் காமராசர் சாலை ஓரம் வரிசையாகச் சிலைகள் உள்ளன. 1968-இல் நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த பத்துச் சிலைகளில் ஔவையாரும் கண்ணகியும் பெண்கள். அண்ணா சதுக்கத்துக்கு அருகில் 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலை இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து ஒரு பாறையை நெம்புகிறார்கள். செய்தவர் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. நம்மவர் ஒருவர் கேட்டார்: "நாலுமே ஆம்பளைங்களா இருக்காங்களே, ஏரி வேலையில நாம கல்லு தூக்கலியா?" பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. சிங்காரவேலர் 1923-இல் இந்தியாவிலேயே முதல் மே தினத்தைக் கொண்டாடியது இந்தச் சென்னைக் கடற்கரையில்தான் என்று மட்டும் சொன்னோம்.

ஒரு எச்சரிக்கை. மெரினாவில் குளிக்கக் கூடாது. அலைக்கு அடியில் இழுப்பு அதிகம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே போயிருக்கிறார்கள். கணுக்கால் நனைந்தால் போதும். இருட்டும் முன் மணலை விட்டுச் சாலைப் பக்கம் வந்து விடுங்கள்.

இரண்டாம் நாள்: மூன்று சாமி, ஒரு பழைய வீடு

காலையில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில். கோயில்கள் மதியம் நடை சாத்தி விடுவார்கள், அதனால் சீக்கிரம் போக வேண்டும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சாந்தோம் தேவாலயம். இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறை இங்கே இருப்பதாக நம்பிக்கை. போர்ச்சுகீசியர் கட்டிய தேவாலயத்தை எடுத்து விட்டு, இப்போதுள்ளதை 1890-களில் கட்டினார்கள். பக்கத்தில் கலங்கரை விளக்கம். 2013-இல் இருந்து மக்களை மேலே அனுமதிக்கிறார்கள். லிஃப்ட் உண்டு. மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முடிவே இல்லாத வீடுகள்.

பிறகு திருவல்லிக்கேணி. பல்லவர் காலக் கல்வெட்டு உள்ள பார்த்தசாரதி கோயிலும், ஆற்காடு நவாப் குடும்பத்தார் 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய மசூதியும் ஒரே பகுதியில் இருக்கின்றன. எங்கள் குழுவில் மூன்று மதத்து சகோதரிகளும் இருந்தார்கள். எங்கே போனாலும் செருப்பைப் பார்த்துக் கொள்ள ஆள் மாற்றி ஆள் நின்றார்கள். உள்ளே போகும் முறையை வாசலில் கேட்டுக் கொள்வது நல்லது.

அங்கிருந்து கடற்கரைச் சாலைக்கு வந்தால் ஐஸ் ஹவுஸ். இப்போது விவேகானந்தர் இல்லம். 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைக்கக் கட்டியது. 1897-இல் விவேகானந்தர் சில நாள் தங்கினார். அதன் பிறகு நடந்ததை நம் உறுப்பினர்கள் தெரிந்து கொள்ள வேண்டும்.

சுப்புலட்சுமி என்று ஒரு பெண். சிறு வயதிலேயே கல்யாணம் முடிந்து, பதினோரு வயதுக்குள் விதவை ஆனவர். விதவை என்றால் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்த காலம் அது. தகப்பனார் படிக்க வைத்தார். 1911-இல் பட்டம் வாங்கினார். தன்னைப் போன்ற இளம் விதவைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதி நடத்தினார். அந்த விடுதி பின்னர் இந்த ஐஸ் ஹவுஸில் நடந்தது. இங்கே தங்கிப் படித்தவர்கள் ஆசிரியைகளாக வெளியே போனார்கள். சகோதரி சுப்புலட்சுமி என்றே அவரை ஊர் அழைத்தது.

இந்தக் கதையை நாங்கள் அந்தக் கட்டிட வாசலில் நின்று சொன்னோம். 23 வயதில் கணவரை இழந்த உறுப்பினர் ஒருவர் எங்களோடு இருந்தார். இன்றும் ஊரில் விசேஷ வீட்டுக்கு அவரை முன்னால் நிற்க விடுவதில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. கட்டிடத்தின் முன்னால் தன்னை ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். அதே சாலையில் 1914-இல் தொடங்கிய ராணி மேரி பெண்கள் கல்லூரியையும் பார்த்து விட்டு வந்தோம்.

மாலையில் தி.நகர். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் பிரிந்து விட்டார். போனில் சார்ஜ் இல்லை. நாங்கள் பதறிப் போனோம். ஆனால் அவர் பதறவில்லை. கிளம்பும்போதே ஒவ்வொருவர் கையிலும் விடுதி முகவரியும் எங்கள் இரண்டு போன் எண்ணும் எழுதிய சீட்டு கொடுத்திருந்தோம். அதை ஒரு பெண் போலீஸிடம் காட்டியிருக்கிறார். இருபது நிமிடத்தில் போன் வந்தது. அந்தச் சீட்டு இல்லாமல் யாரும் வாசலைத் தாண்ட வேண்டாம்.

மூன்றாம் நாள்: கோட்டையும் மிருகக்காட்சியும்

மூட்டை முடிச்சுகளை சென்ட்ரலில் பொருள் வைப்பறையில் வைத்து விட்டுக் கோட்டைக்குப் போனோம். புனித ஜார்ஜ் கோட்டை. நம் மனுக்கள் போய்ச் சேரும் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இங்கேதான். பாதுகாப்புச் சோதனை உண்டு, அடையாள அட்டை வேண்டும். உள்ளே 1680-இல் கட்டிய புனித மேரி தேவாலயம் இருக்கிறது. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் எங்களால் பார்க்க முடியவில்லை. அதைப் பார்க்க விரும்பினால் வேறு நாளில் வையுங்கள்.

அங்கே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பேசினோம். அந்தக் கால சென்னை மாகாண சட்ட மேலவையில் உறுப்பினராகி, 1927-இல் துணைத் தலைவரானவர். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். 1930-இல் ஔவை இல்லத்தையும், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கினார். நம்மில் ஊராட்சி உறுப்பினராக இருக்கும் இரண்டு பேர் கோட்டையை அதிக நேரம் பார்த்துக் கொண்டு நின்றார்கள்.

பிறகு கோட்டை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி வண்டலூர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 600 ஹெக்டேருக்கு மேல் பரப்புள்ளது. 1985-இல் திறந்தது. நடை அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் உள்ளே ஓடும் வண்டியில் போகலாம். திரும்பவும் மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வந்தால் எதிரே சென்ட்ரல்.

மறக்காமல் கவனிக்க

• பேருந்து: சென்னையில் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே முதல் டிக்கெட் கட்டணம் இல்லை. முகப்பில் இளஞ்சிவப்பு நிறம் பார்த்து ஏறுங்கள். ஏறும் முன் நடத்துநரிடம் ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள்.

• வந்து இறங்கும் இடம்: தென் மாவட்ட அரசுப் பேருந்துகள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தோடு நின்று விடும். கோயம்பேடு வரை போகும் என்று நினைத்து இருட்டில் தடுமாற வேண்டாம். அது வண்டலூருக்குப் பக்கம், ஆகவே அவர்கள் உயிரியல் பூங்காவை முதல் நாளில் வைத்துக் கொள்ளலாம்.

• ஆட்டோ: ஏறும் முன் பேசுங்கள். முதல் நாள் பேசாமல் ஏறி இரண்டு மடங்கு கொடுத்தோம்.

• கழிப்பறை: வெளியே போனால் நம் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி விடுகிறார்கள். எங்களோடு வந்த ஒருவர் முதல் நாளே மயங்கி விட்டார். அதற்குப் பிறகு எங்கே கழிப்பறை இருக்கிறது என்று பார்த்தே அடுத்த இடத்துக்குப் போனோம். அருங்காட்சியகம், மெட்ரோ நிலையங்கள், பெரிய ரயில் நிலையங்களில் வசதி உண்டு. தண்ணீர் பாட்டிலும், தேவையானவர்கள் நாப்கினும் கையில் வைத்திருங்கள்.

• சாப்பாடு: அம்மா உணவகங்களில் 2013-இல் ஆரம்பித்தபோது இட்லி ஒரு ரூபாய். குறைந்த செலவில் காலைச் சாப்பாட்டை முடிக்கலாம். அங்கே சமைப்பவர்களும் நம்மைப் போன்ற மகளிர்தான், பேசிப் பாருங்கள்.

• நகை: தாலியைத் தவிர வேறு தங்கம் வேண்டாம். பணத்தை ஒரே ஆளிடம் வைக்காதீர்கள்.

• ஆறு பேருக்கு ஒரு தலைவி: ஒவ்வொரு இடத்திலும் அவர் தன் ஆறு பேரை எண்ணிச் சொல்ல வேண்டும்.

• அவசர எண்கள்: 112, பெண்களுக்கான 181, ரயிலில் 139.

திரும்பி வந்த பிறகு

ஊர் வந்து சேர்ந்ததும் கூட்டத்தில் கணக்கு வாசித்தோம்.  மாவு தயாரிக்கும் குழு பாக்கெட்டை மாற்றி விட்டது. வீட்டுக்காரர் விடமாட்டார் என்றவரின் மகள், பத்தாவது முடித்து ராணி மேரியில் படிக்கணும் என்று சொல்கிறாளாம்.

"நமக்கெதுக்குங்க" என்று கேட்ட மூத்த அக்கா அந்தப் பயணத்துக்கு வரவில்லை. ஆடு மேய்க்கும் பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. மூன்று நாளும் இரண்டு வீட்டு ஆட்டைப் பார்த்துக் கொண்டார். சென்ற வாரம் கூட்டம் முடிந்து போகும்போது எங்கள் பக்கத்தில் வந்து, "அடுத்த நோட்டுல எம்பேரயும் எழுதிக்குங்க. கடலு காலத் தொட்டா எப்படி இருக்குன்னு அவ சொல்லி முடிக்க மாட்டேங்கறா" என்றார். 150 ரூபாயும் கொடுத்து விட்டார்.

அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுக்க விரும்பும் உறுப்பினர்கள் உங்கள் ஊக்குநர் மூலம் தொகுப்புக் கூட்டத்தில் பதிவு செய்யலாம்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க:

1. நம் குழுவில் இதுவரை வேலை, ஆஸ்பத்திரி, விசேஷம் தவிர வேறு எதற்காகவும் வெளியூர் போகாதவர்கள் எத்தனை பேர்?

2. ஒரு உறுப்பினர் மூன்று நாள் வெளியே போனால் அவர் வீட்டு வேலைகளை யார் யார் பகிர்ந்து கொள்ளலாம்?

3. நம் மாவட்டத் தலைநகரிலேயே நாம் இதுவரை பார்க்காத பொது இடம் எது? அங்கிருந்து ஆரம்பிக்கலாமா?